முதலாளியின் சம்பளம்

ஜூலை 9

அன்புள்ள சித்திக்கு,

நான் உங்கள் அக்கா மகள். மிளகு என்று கூப்பிடுவீர்களே, அவள்தான். இப்போது ஒன்பதாம் வகுப்பு. இங்கே மூன்று பேருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்களுக்கு முதுகுவலி இருந்தது ஞாபகம் இருக்கிறது. இப்போது பரவாயில்லையா?

இதைக் குளியலறையில், வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். ராத்திரியில் விளக்குப் போட்டால் யாரும் ஏன் என்று கேட்காத இடம் இந்த வீட்டில் இது ஒன்றுதான். கதவைத் தட்டினால் வயிற்றுவலி என்பேன். நேற்று அப்படிச் சொன்னதும் அப்பா மருந்து வாங்கி வந்துவிட்டார். அதையும் குடித்தேன்.

நீங்கள் அனுப்பிய புத்தகப் பார்சலின் தாளை அம்மா கிழித்துப் போட்டாள். முகவரி இருந்த துண்டை நான் எடுத்து வைத்துக்கொண்டேன். நீங்கள் இரண்டு பேரும் ஏன் பேசுவதில்லை என்று எனக்குத் தெரியாது. கேட்டால் அம்மா கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவப் போய்விடுகிறாள். ஆனால் நம் அட்டைப்பெட்டிக் கம்பெனிக்கு நீங்கள்தான் முதலில் கணக்கு எழுதினீர்கள் என்று அப்பா சொல்லியிருக்கிறார். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். வேறு யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.

போன வாரம் வரி அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. அம்மா அதை நின்றபடி படித்தாள். பிறகு உட்கார்ந்து படித்தாள். அதன்பிறகு அன்றைக்கு அவள் எதுவும் சாப்பிடவில்லை. ராத்திரி சுவருக்கு அந்தப் பக்கம் பேசியது எனக்குக் கேட்டது.

"ஆறு வருஷமா கம்பெனிகிட்ட கடன் வாங்கியிருக்கேன்னு கேட்டிருக்காங்க. ஒரு பைசா திருப்பிக் கட்டலையாம்."

"வாங்கினது வீட்டுக்குத்தானே?" என்றார் அப்பா.

"வீட்டுக்கு வாங்கினா கடன் இல்லாம போயிடுமா?"

உங்களுக்குத் தெரிந்திருக்கும். வீட்டுச் செலவுக்குக் கம்பெனியிலிருந்து எடுக்கும்போதெல்லாம் அம்மா ஒரு ரோஸ் சீட்டில் 'கடன்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவாள். பால், மின்சாரம், என் பள்ளிக் கட்டணம் எல்லாமே ரோஸ் சீட்டுதான். என் பல்லுக்குக் கம்பி போட்டதும் ரோஸ் சீட்டில்தான். இன்று கணக்கு வகுப்பில் வாயே திறக்கவில்லை, சித்தி. சிரித்தால் கடன் தெரிகிறது.

செப்டம்பர் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். இல்லாவிட்டால் அதை அம்மாவின் வருமானம் என்று எடுத்துக்கொண்டு மொத்தத்துக்கும் வரி, அதற்குமேல் அபராதம். அம்மாவை ஜெயிலில் போடுவார்களா? அதை மட்டுமாவது சொல்லுங்கள்.

பதிலைப் பள்ளிக்கு எதிரே இருக்கும் தையல் அக்காவின் கடைக்கு அனுப்புங்கள். முகவரி பின்பக்கம். நான் எழுதியது யாருக்கும் தெரிய வேண்டாம்.

உங்கள் பதிலுக்குப் பயத்தோடு காத்திருக்கும்
மிளகு


ஜூலை 21

என் மிளகுக் கண்ணுக்கு,

உன் கடிதம் வந்தது. என் முதுகு நலம். தான் ஒன்று இருப்பதை அவ்வப்போது ஞாபகப்படுத்துகிறது, அவ்வளவுதான். உன் வயிறும் நலமாக இருக்கட்டும். இல்லாத வலிக்கு இனிமேல் மருந்து குடிக்காதே.

முதலில் நீ கேட்டதற்குப் பதில். ஜெயிலில் போடமாட்டார்கள். அவர்கள் செய்திருப்பது ஒரு கேள்வி கேட்டது மட்டும்தான். கேள்வி கேட்பது அவர்கள் தொழில். பதில் சரியாக இருந்தால் அடுத்த ஆளைக் கேட்கப் போய்விடுவார்கள்.

உன் பல்லை யாரும் வந்து கழற்ற மாட்டார்கள். நன்றாகச் சிரி.

அப்பா எப்படி இருக்கிறார்? அவர் ஓட்டும் வெட்டு இயந்திரத்தின் பெல்ட் இன்னும் கத்துகிறதா? பசை அக்கா இன்னும் வேலைக்கு வருகிறாளா? மாடிப்படிக்குக் கீழே ஒரு பூனை படுத்திருக்கும், அது இருக்கிறதா? கணக்கை இப்போது பார்ப்பது பழைய ஆடிட்டர்தானா, வேறு யாருமா? இது மட்டும் விசாரித்து எழுது. சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

பத்து மணிக்குமேல் விழித்திருக்காதே.

சித்தி


ஜூலை 28

அன்புள்ள சித்திக்கு,

கடிதம் கிடைத்தது. தையல் அக்கா அதை ஒரு பாவாடைக்குள் சுருட்டிக் கொடுத்தாள். "லவ் லெட்டரா?" என்று கேட்டாள். "வரி விஷயம்" என்றேன். "இதுக்கு லவ் லெட்டரே மேல்" என்றாள்.

அப்பா நலம். பெல்ட் கத்துகிறது. பசை அக்கா வருகிறாள், பூனையும் இருக்கிறது. நீங்கள் அம்மாவைப் பற்றிக் கேட்கவில்லை. மறந்திருப்பீர்கள் என்று நானே எழுதுகிறேன். அம்மா இளைத்துவிட்டாள். மோதிரம் விரலில் சுற்றுகிறது.

பழைய ஆடிட்டர் போன வருஷம் ஓய்வெடுத்துக்கொண்டார். இப்போது இருப்பவர் புது ஆடிட்டர். அவர் நல்லவர்தான், ஆனால் எதைக் கேட்டாலும் "பார்க்கலாம்" என்பார். நேற்று கீழே கம்பெனியில் உட்காராமல் மேலே வீட்டுக்கே வந்திருந்தார். நான் பக்கத்து அறையில் படிப்பதுபோல இருந்தேன்.

"முழுசையும் திருப்பிக் கட்டிட்டா பிரச்சினை இல்லீங்கம்மா" என்றார்.

"அவ்வளவு எங்கிட்ட எங்க இருக்கு? மெஷினை வித்தாத்தான்."

"பார்க்கலாம்."

"இதுல பார்க்க என்ன இருக்கு தம்பி? வாங்கினது நான். கட்ட வேண்டியதும் நான்."

அவர் போனபிறகு அம்மா அப்பாவிடம் ஒன்று சொன்னாள். நகரத்தில் ஒரு பெரிய பெட்டிக் கம்பெனிக்காரர் ரொம்ப நாளாக நம்முடையதை விலைக்குக் கேட்கிறாராம். அவருக்கு இயந்திரமும் வாடிக்கையாளர்களும்தான் வேண்டுமாம். ஆட்கள் வேண்டாமாம்.

"அப்போ நானும் வேண்டாமா?" என்று கேட்டார் அப்பா. சிரிப்பாகத்தான் கேட்டார். அம்மா அழுதாள். அம்மா அழுது நான் கேட்டதே இல்லை, சித்தி. முதலில் குழாய் ஒழுகுகிறது என்றுதான் நினைத்தேன்.

அம்மா ஏன் மற்றவர்களைப் போலச் சம்பளம் எடுத்துக்கொள்ளவில்லை? எங்கள் வகுப்பில் ஒரு பையனின் அப்பாவும் முதலாளிதான். அவர் எடுத்துக்கொள்கிறாராம்.

வேண்டிக்கொண்டே இருக்கும்
மிளகு


ஆகஸ்ட் 6

மிளகுக் கண்ணுக்கு,

இங்கே எல்லாம் வழக்கம்போல. நீ சாப்பிடு, தூங்கு. உன் அம்மா சாப்பிடுகிறாளா என்று பார்த்துக்கொள்.

நீ கேட்ட கேள்வியை நானும் ஒரு காலத்தில் கேட்டேன். அதன் பலனாகத்தான் நான் இந்த ஊரில் இருக்கிறேன்.

உன் அம்மா கம்பெனி தொடங்குவதற்கு முன்னால் வேறொரு பெட்டிக் கம்பெனியில் மடிப்பு வேலை செய்தாள். அந்த முதலாளி மாதக் கடைசியில் முதலில் தன் சம்பளத்தை எடுத்துக்கொள்வார். மீதி இருந்தால் மற்றவர்களுக்கு. ஒரு மாதம் மீதி இல்லை. அடுத்த மாதமும் இல்லை. மூன்றாவது மாதம் அவர் தன்னுடையதை எடுத்துக்கொண்டு கதவைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார். வெளியே நின்றவர்களில் உன் அம்மாவும் ஒருத்தி. அப்போது நீ அவள் வயிற்றில் இருந்தாய்.

அதிலிருந்து முதலாளி சம்பளம் என்றாலே அவளுக்குத் திருட்டு மாதிரி. கடன் என்றால் பரவாயில்லை, கடன் என்றால் திருப்பித் தருகிறவள் என்று அர்த்தமாம். நான் சம்பளத்தாளில் அவள் பெயரை எழுதினேன். "கணக்கு எழுத வந்தியா, என்னைத் திருடி ஆக்க வந்தியா?" என்றாள். நானும் சும்மா இருக்கவில்லை. இரண்டு பேரும் நிறையப் பேசிவிட்டோம்.

அது போகட்டும். எனக்கு ஒன்று தெரிய வேண்டும். பழைய ஆடிட்டர் இப்போது எந்த ஊரில் இருக்கிறார்? பசை அக்காவுக்குத் தெரியாத விலாசம் கிடையாது. அவளிடம் பேச்சுவாக்கில் கேள்.

சித்தி


ஆகஸ்ட் 11

அன்புள்ள சித்திக்கு,

நலம். உங்கள் கடிதத்தைப் படித்தபிறகு அம்மாவை வேறு மாதிரிப் பார்க்கிறேன். அவளுக்குத் தெரியாமல்தான்.

பழைய ஆடிட்டரின் விலாசம் தனித்தாளில் இருக்கிறது. மகன் வீட்டில் இருக்கிறாராம். காது சரியாகக் கேட்காதாம். "எதுக்குடி உனக்கு?" என்று பசை அக்கா கேட்டாள். "கணக்குப் பாடத்துல சந்தேகம்" என்றேன். "அவருக்கு உன் சந்தேகம் கேக்கறதுக்குள்ள நீ பாஸாயிடுவே" என்றாள்.

போன மாதச் சம்பள நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மா எப்போதும்போல மேசையில் கவர்களை அடுக்கினாள். பசை அக்கா, மடிப்பு மாமா, வண்டி அண்ணன், இன்னும் இரண்டு பேர். கடைசியில் அப்பா. அப்பா எப்போதும் கையைக் கட்டிக்கொண்டு, "முதலாளியம்மா, வீட்டுல பொண்டாட்டி ரொம்பக் கஷ்டப்படுறா, பார்த்துப் போட்டுக் குடுங்க" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். இந்த முறையும் சொன்னார். பாதியில் நிறுத்திக் கவரை வாங்கிக்கொண்டார். யாரும் சிரிக்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

விலாசம் எதற்கு என்று நீங்கள் சொல்லவில்லை. சொல்லுங்கள், சித்தி. உடனே எழுதுங்கள்.

மிளகு


ஆகஸ்ட் 30

அன்புள்ள சித்திக்கு,

சுகமாக இருக்கிறீர்களா? பதில் வரவில்லை. ஒருவேளை முதுகுவலி அதிகமாகிவிட்டதா? தினமும் தையல் கடைக்குப் போகிறேன். என்னைத் தூரத்தில் பார்த்ததுமே தையல் அக்கா தலையை ஆட்டிவிடுகிறாள்.

கம்பெனியை வாங்குகிறவர் நேரில் வந்தார். பளபளவென்று ஷூ போட்டிருந்தார். இயந்திரத்தை ஓடவிட்டுப் பார்த்தார். பெல்ட் கத்தியதும் விலையில் குறைத்துக்கொண்டார். சுவர் எவ்வளவு நீளம் என்று அளந்தார். மடிப்பு மாமா நாடாவின் அடுத்த முனையைப் பிடித்துக்கொண்டு நின்றார். தன் வேலை போவதற்குத் தானே அளந்து கொடுக்கிறோம் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் நாடாவை நேராகத்தான் பிடித்திருந்தார்.

"இந்த இடத்தை என்ன பண்ணுவீங்க?" என்று பசை அக்கா அவரிடம் கேட்டாள்.

"குடோன்."

"குடோனுக்குப் பெருக்க ஆள் வேணுமா?"

அம்மா உள்ளே எழுந்து போய்விட்டாள்.

செப்டம்பர் 22 அன்று கையெழுத்து. நான் உங்களுக்கு ஏதாவது தப்பாக எழுதிவிட்டேனா? உங்கள் சண்டையைப் பற்றிக் கேட்டிருக்கக்கூடாதோ? கேட்டது தப்பென்றால் அதை விட்டுவிடுங்கள். மற்றதற்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

மிளகு


செப்டம்பர் 12

சித்தி,

நலமா? இங்கே நலமில்லை. அம்மா எல்லோருக்கும் வேலை தேடிக்கொடுக்க ஊரெல்லாம் போன் போட்டுக் கேட்கிறாள். தனக்காக யாரிடமும் கேட்கவில்லை. இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது. ஒரு வரியாவது எழுதுங்கள்.

மிளகு


செப்டம்பர் 16

என் கண்ணே மிளகு,

உன் கடைசி இரண்டு கடிதங்களையும் இன்று காலை ஒரே மூச்சில் படித்தேன். நான் ஊரில் இல்லை. உன்னைத் தவிக்கவிட்டதற்கு நேரில் பார்க்கும்போது திட்டு. இதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன்.

நீ அனுப்பிய விலாசம் கிடைத்ததுமே பழைய ஆடிட்டரைப் பார்க்கப் போனேன். அங்கே போனால் அவர் மகனுக்கு மாற்றல், குடும்பத்தோடு வேறு ஊர் போய்விட்டார்கள். அங்கேயும் போனேன். அவர் உடம்புக்கு முடியாமல் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். பேசும் நிலைக்கு வரும்வரை காத்திருந்தேன். வெறும் ஞாபகத்தை நம்பி உனக்கு ஆசை காட்டக்கூடாது என்றுதான் நடுவில் ஒன்றும் எழுதவில்லை.

விஷயம் இதுதான். நிதானமாகப் படி.

நான் சண்டைபோட்டு வெளியேறிய அன்று, போகிற வழியில் அவர் அலுவலகத்துக்குப் போனேன். "அக்கா வேண்டாம்னுதான் சொல்லுவா. நீங்க மாசாமாசம் அவ சம்பளத்தைக் கணக்குல எழுதுறதை நிறுத்தாதீங்க. அதுக்கு வரியையும் மத்தவங்க வரியோட சேர்த்துக் கட்டிடுங்க" என்றேன். அவர் சரி என்றார். உன் அம்மா தாள்களில் தொழிலாளர் பெயர்களை மட்டும் சரிபார்ப்பாள், கீழே கையெழுத்துப் போடுவாள். அவளுக்குத் தெரிந்திருக்காது.

அவர் அதைச் செய்திருந்தால், ஒரு பக்கம் சம்பளம் என்று எழுதி அவளுக்குத் தராத பணம் இருக்கிறது. அதற்கு வரி கட்டியாகிவிட்டது. இன்னொரு பக்கம் கடன் என்று எழுதி அவள் எடுத்த பணம். இரண்டையும் எதிரெதிரே வைத்துக் கழித்துவிடலாம். அவள் கடன்காரியே இல்லை.

ஆனால் அவர் செய்தாரா என்பதை நான் உறுதியாகச் சொல்லமாட்டேன். "நிறுத்தலம்மா, நிறுத்தலம்மா" என்றார். அதே மூச்சில் என்னைத் தன் மருமகள் என்று நினைத்துக்கொண்டு கஞ்சி கேட்டார்.

நான் உன் அம்மாவுக்கு எழுதினால் கவர் திறக்காமலே திரும்பி வரும். முன்பும் வந்திருக்கிறது. புது ஆடிட்டருக்கு நான் யாரோ. உன் அப்பாவிடம் சொன்னால், பாவம், வீடு போய்ச் சேர்வதற்குள் அவர் முகமே எல்லாவற்றையும் சொல்லிவிடும். அதனால் நீதான். ஆடிட்டர் இருக்கும்போது ஒரே ஒரு கேள்வி கேள். 'தரவேண்டிய சம்பளம்' என்று கணக்கில் ஒரு தொகை இருக்கிறதா, இருந்தால் அது யாருக்குத் தரவேண்டியது?

இல்லை என்று சொன்னால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. கேட்டவள் சின்னப் பெண் என்று விட்டுவிடுவார்கள்.

அக்காவை நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

சித்தி


செப்டம்பர் 23

அன்புள்ள சித்திக்கு,

நலம்! நீங்களும் நலமாக இருக்க வேண்டும், இருந்தே ஆக வேண்டும். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் 20-ஆம் தேதி கிடைத்தது. அன்று முழுக்க அந்தக் கேள்வியை மனப்பாடம் செய்தேன். நேற்று பள்ளிக்குப் போகவில்லை. வயிற்றுவலி என்றேன். அது பொய்யே இல்லை.

கீழே மேசையைச் சுற்றி வாங்குகிறவர், புது ஆடிட்டர், அம்மா, அப்பா. மற்றவர்கள் வேலை செய்வதுபோல நின்றிருந்தார்கள். ஒரே பெட்டிக்குப் பசை அக்கா மூன்று தடவை பசை தடவினாள். வாங்குகிறவர் பேனாவைத் திறந்து அம்மாவிடம் நீட்டினார்.

நான் படியில் நின்றபடி, "ஆடிட்டர் அங்கிள், கணக்குல தரவேண்டிய சம்பளம்னு ஒரு தொகை இருக்கா?" என்று கேட்டேன். மனப்பாடம் செய்ததில் பாதிதான் வந்தது.

"மேல போ" என்றாள் அம்மா.

"இருக்கும்மா, ஏன்?" என்றார் ஆடிட்டர்.

"அது யாருக்குத் தரவேண்டியது?"

"தொழிலாளிங்க சம்பளப் பாக்கிதான். கொஞ்சம் பெரிய தொகை. சார்கிட்ட சொல்லிட்டேன், விலையில கழிச்சுட்டார்."

பசை அக்கா தூரிகையைக் கீழே வைத்தாள். "எந்தத் தொழிலாளிக்குப் பாக்கி?"

"உங்களுக்குத்தான்... எல்லாருக்கும்."

"எனக்கா? நான் இங்க வந்த நாள்லேர்ந்து ஒரு மாசம் சம்பளம் தள்ளிப்போனதில்ல தம்பி. என்னைக் கட்டினவன்கூட எங்கிட்ட இவ்வளவு ஒழுங்கா இருந்ததில்ல."

"எனக்கும் பாக்கி இல்ல" என்றார் மடிப்பு மாமா. "இருக்குன்னா குடுங்க, வேணாம்னு சொல்லமாட்டேன்."

அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "யாரு சொன்னா பாக்கின்னு? நான் யாருக்கும் பாக்கி வைச்சதில்ல! என்ன கணக்கு எழுதுறீங்க நீங்க?"

ஆடிட்டர் இந்த முறை பார்க்கலாம் என்று சொல்லவில்லை. கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தார். பின்னால் பின்னால் போய்க்கொண்டே இருந்தார். வாங்குகிறவர் கடிகாரத்தைப் பார்த்தார். பெல்ட்கூடக் கத்தவில்லை. நான் படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

"அம்மா" என்றார் ஆடிட்டர். "இது அவங்களுக்கு இல்ல. உங்களுக்கு."

"எனக்கு என்ன?"

"உங்க சம்பளம். மாசாமாசம் எழுதியிருக்கு. எனக்கு முன்னாடி இருந்தவர் எழுதினது. என் ஆபீஸ்ல கணக்கு ஏத்துற பையனும் பார்க்காம அப்படியே தொடர்ந்திருக்கான். வரியும் கட்டியிருக்கு. நீங்க வாங்கல, அவ்வளவுதான்."

"நான்தான் வேண்டாம்னு சொன்னேனே!"

"நீங்க சொன்னது யார் காதுலயும் விழல போல."

பிறகு அவர் கடனை ஒரு பக்கமும் சம்பளத்தை ஒரு பக்கமும் போட்டுக் கழித்தார். சித்தி, அம்மா தன் சம்பளத்தைவிடக் குறைவாகத்தான் எடுத்திருக்கிறாள். கம்பெனிதான் இன்னும் அம்மாவுக்குக் கொஞ்சம் தர வேண்டுமாம். அவர் அதை இரண்டு முறை சொன்னார். முதல் முறை யாருக்கும் புரியவில்லை.

அப்பாவுக்குத்தான் முதலில் புரிந்தது. "அடிப்பாவி, இத்தனை வருஷமா உன் சம்பளத்தை நீயே கடனா வாங்கிட்டு, ராத்திரியெல்லாம் தூங்காம இருந்திருக்கே!" என்றார். சொல்லிவிட்டு இயந்திரத்தின்மேல் தலையை வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று நினைத்தேன்.

வாங்குகிறவர் பேனாவை மூடினார். "அப்போ நான் இன்னொரு நாள் வரட்டுமா?"

"வேண்டாங்க" என்றார் அப்பா, தலையைத் தூக்காமலே. "டீ குடிச்சிட்டுப் போங்க."

எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். பசை அக்கா என்னைக் கட்டிப்பிடித்ததில் என் சட்டை முழுக்கப் பசை. அம்மா மட்டும் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள். அப்புறம் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"இந்தக் கேள்வியை உனக்கு யாருடி சொல்லிக்குடுத்தது?"

பொய் ஒன்று தயாராக வைத்திருந்தேன். வரவில்லை. "சித்தி" என்றேன்.

அம்மா என் சட்டையில் இருந்த பசையை நகத்தால் சுரண்டினாள். ரொம்ப நேரம் சுரண்டினாள்.

"முதுகுவலி எப்படி இருக்காம் அவளுக்கு?" என்று கேட்டாள்.

மிளகு


அக்டோபர் 2

மிளகுக் கண்ணே,

நான் மிக மிக நலம்.

உன் கடிதத்தை வேலை செய்யும் இடத்தில் பிரித்துவிட்டேன். பக்கத்து மேசைக்காரி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். "யாருக்காவது ஏதாவது ஆயிடுச்சா?" என்றாள். "என் அக்காவுக்குச் சம்பளம் கிடைச்சிடுச்சு" என்றேன். இதற்கா அழுவார்கள் என்று பார்த்தாள்.

வரி அலுவலகத்துக்குப் பதில் போய்விட்டதா? அவர்கள் ஒப்புக்கொள்ளும்வரை முழுதாக மூச்சு விடாதே, பாதி விடு. அக்கா சாப்பிடுகிறாளா? தூங்குகிறாளா? மோதிரம் விரலில் நிற்கிறதா? அவளுக்கு என்மேல் கோபமா? இதில் எதற்கு வேண்டுமானாலும் பதில் எழுது. எல்லாவற்றுக்கும் எழுதினாலும் சரி.

உன் பதிலை எதிர்பார்த்து
சித்தி


டிசம்பர் 1

அன்புள்ள சித்திக்கு,

எல்லோரும் நலம். இதைப் பகலில், கீழே மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். தையல் அக்கா வழியாக இனி அனுப்ப வேண்டாம். அவளுக்குத்தான் கொஞ்சம் வருத்தம்.

இவ்வளவு நாள் எழுதாததற்குக் காரணம், நீங்கள் சொன்ன மாதிரி பாதி மூச்சோடு இருந்தேன். போன வாரம் வரி அலுவலகத்தின் பதில் வந்தது. அம்மா பிரிக்கவில்லை, என்னைப் பிரிக்கச் சொன்னாள். நான் அப்பாவைப் பிரிக்கச் சொன்னேன். கடைசியில் வண்டி அண்ணன்தான் பிரித்தார், அவருக்குப் படிக்க வரவில்லை என்று ஆடிட்டருக்குப் போன் போட்டோம். ஏற்றுக்கொண்டார்கள், சித்தி! சம்பளத்தைக் கடன் என்று தப்பாக எழுதியதற்கு மட்டும் ஒரு சின்ன அபராதம். "இவ்வளவுதானா? ரசீது குடுப்பாங்களா?" என்று அம்மா கேட்டாள். அன்று சாயங்காலம் ஆறு மணிக்கே படுத்தாள். மறுநாள் எட்டு மணிவரை எழுந்திருக்கவில்லை. அப்பா பயந்துபோய் மூக்கின்கீழ் விரலை வைத்துப் பார்த்தார்.

இனிமேல் ரோஸ் சீட்டு கிடையாது என்று ஆடிட்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வீட்டுச் செலவு அம்மாவின் சம்பளத்திலிருந்தும் அப்பாவின் சம்பளத்திலிருந்தும்தான். வரிக்கு என்று மாதாமாதம் தனியாக எடுத்து வைக்க வேண்டும், அதை யாரும் தொடக்கூடாது. "என்ன அவசரம் வந்தாலுமா?" என்றாள் அம்மா. "என்ன அவசரம் வந்தாலும்" என்றார். அவர் இப்படிப் பேசுவார் என்று எங்களுக்குத் தெரியாது.

நேற்று சம்பள நாள். அம்மா கவர்களை அடுக்கினாள். ஒரு கவர் கூடுதலாக இருந்தது. எல்லோரும் வாங்கிக்கொண்டார்கள். யாரும் வீட்டுக்குப் போகவில்லை. மேசையில் அந்த ஒரு கவர் மட்டும் கிடந்தது. அம்மா அதைப் பார்க்காமல் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாரும் வாங்கியாச்சா?" என்று அப்பா கேட்டார்.

"ஆச்சு" என்றார்கள்.

"யாருக்கும் பாக்கி இல்லையே?"

"இல்ல" என்றார்கள். பசை அக்கா சத்தமாக.

"அப்போ எடுத்துக்கோ" என்றார் அப்பா. சிரிப்பு மூட்டவில்லை, மெதுவாகத்தான் சொன்னார்.

அம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். தாளில் தன் பெயர் எங்கே இருக்கிறது என்று தேடினாள். அப்பாவின் பெயருக்குக் கீழே, கடைசியில் இருந்தது. கையெழுத்துப் போட்டாள். எடுத்துக்கொண்டாள். மடிப்பு மாமா கைதட்டினார், பிறகு வெட்கப்பட்டு நிறுத்திவிட்டார்.

சித்தி, நீங்கள் கேட்ட மற்றதற்கெல்லாம் பதில் எழுத இருந்தேன். ஆனால் அம்மா என் தோளுக்குப் பின்னால் வந்து நிற்கிறாள். பேனாவைக் கேட்கிறாள். கொடுத்துவிட்டேன்.

தங்கச்சிக்கு,

நலம். சாப்பிடுகிறேன். தூங்குகிறேன். மோதிரம் நிற்கிறது. கோபம் இருக்கிறது, அதை எழுத இந்தத் தாளில் இடம் போதாது.

ஒரு சந்தேகம். நேற்றிலிருந்து அந்தக் கவரை இரண்டு இடம் மாற்றி வைத்துவிட்டேன். வீட்டுக்கு எடுத்தது போக இன்னும் மிச்சம் இருக்கிறது. சம்பளம் வாங்குகிறவர்கள் மிச்சத்தை என்ன செய்வார்கள்? எனக்குத் தெரியாது. எழுதி அனுப்பாதே. வந்து சொல்லு.

அக்கா